பெர்சோனா 4 கோல்டன்: நவோட்டோ விஷயத்தில் எனக்குத் தீராத மனத்தாங்கல்

பெர்சோனா 4 என்ற ஜப்பானியக் கணினி விளையாட்டுக்கு ரிவைவல் என்ற மறு ஆக்கம் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அதன் விரிவாக்கப்பட்ட கோல்டன் பதிப்பை இப்போதே வாங்கலாமா, புதியது வரும்வரை பொறுத்திருக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 2020இல் ஸ்டீம் என்ற இணையக் கடைக்கு வந்ததிலிருந்து இந்த விளையாட்டு என் கணினியை விட்டு நீங்கியதில்லை. இசை, சண்டை முறை, இனாபா என்ற அந்தச் சிற்றூரின் மழையும் மூடுபனியும் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவற்றில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஒவ்வொரு முறை ஆடும்போதும் என்னை உறுத்துவது நவோட்டோ ஷிரோகானே என்ற ஒரே ஒரு பாத்திரம்தான். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் அதைப் பேச இயலாது. இன்னும் ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பரம்பரைத் துப்பறிவாளர் குடும்பத்தில் பிறந்த நவோட்டோ, நீலத் தொப்பியும் மாணவர் சீருடையும் அணிந்து, 'துப்பறியும் இளவரசன்' என்று தொலைக்காட்சிகள் கொண்டாடும் சிறுவனாக நமக்கு அறிமுகமாகிறார். இனாபாவின் தொடர் கொலை வழக்கைக் காவல்துறை முடித்துவிட்ட நிலையிலும் அந்த முடிவை ஏற்காமல், உண்மையான கடத்தல்காரனை வெளியே இழுக்கத் தன்னையே தூண்டிலாக்கிக்கொள்கிறார். அப்படிச் சிக்கியபின் தொலைக்காட்சிக்குள் இருக்கும் மறு உலகில், சிறுவர் சாகசத் தொடர்களில் வருவது போன்றதொரு இரகசிய ஆய்வுக்கூடத்தில், அவருடைய நிழலுரு, அதாவது அவர் மனத்துக்குள் ஒளித்துவைத்ததெல்லாம் உருவெடுத்த மறுவடிவம், நம்மை எதிர்கொள்கிறது. கைகளை மூடித் தொங்கும் அளவுக்குப் பெரிய வெள்ளை அங்கி. ஒரு கணம் விம்மி அழும் குழந்தைக் குரல், மறுகணம் உணர்ச்சியே இல்லாத ஏளனம். உடலை மாற்றும் அறுவைச் சிகிச்சை தொடங்கப் போவதாக அது அறிவிக்கிறது. நவோட்டோ பெண்ணாகப் பிறந்தவர் என்பது அங்கேதான் தெரியவருகிறது.

நவோட்டோவை ஒரு திருநம்பியாகப் படிப்பவர்களுக்கு வலுவான ஆதாரம் இந்தக் காட்சிதான். இந்த விளையாட்டின் இலக்கணப்படி, நிழலுரு மிகைப்படுத்துமே தவிர இல்லாததைச் சொல்லாது. ஆனால் நிழலுருவை வென்றபின் நவோட்டோ கொடுக்கும் விளக்கம் வேறு திசையில் போகிறது: காவல்துறை ஆண்களின் உலகம், அங்கே பெண்ணையும் வயதில் சிறியவரையும் எவரும் பொருட்படுத்துவதில்லை, தான் படித்து வளர்ந்த கதைகளின் துப்பறிவாளர்கள் எல்லோரும் ஆண்கள், ஆகவே ஆண் வேடம் தேவைப்பட்டது என்கிறார். எழுதப்பட்ட வசனங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால், இந்த இரண்டாவது வாசிப்புக்கே கூடுதல் சான்று இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், உடலையே அறுத்து மாற்ற வேண்டும் என்று கதறிய குரலைச் சில நிமிடங்களில் அலுவலகப் பாகுபாட்டைப் பற்றிய புகாராகச் சுருக்கிவிட்டு நகர்வது எழுத்தாளரின் வசதிக்காகவே என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, பாகுபாடுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாற வேண்டியது காவல் நிலையம் அல்லவா? விளையாட்டோ திருத்தத்தை நவோட்டோவின் மேலேயே சுமத்துகிறது. அவருடனான சோஷியல் லிங்க்கை, அதாவது அவரோடு படிப்படியாக உறவை வளர்க்கும் கிளைக்கதையை, காதல் வழியில் கொண்டுசென்றால், தன் குரலை இன்னும் உயர்த்திப் பெண்ணைப் போலப் பேச வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. நாம் தேர்ந்தெடுக்கும் பதிலைப் பொறுத்து, கிறிஸ்துமஸ் இரவில் அவர் மாணவியர் சீருடையில் வந்து நிற்கிறார். எந்த வாசிப்பை ஏற்றாலும் இந்தக் காட்சி பொருந்தவில்லை. திருநம்பி என்றால் இது கொடுமை. பாகுபாட்டை எதிர்த்து நின்ற பெண் என்றால் இது தோல்வி. இரண்டும் இல்லாமல் ஆடுபவனின் ஆசைக்குப் பரிமாறப்பட்ட பண்டமாக நிற்கிறது. ஒவ்வொரு முறையும் நான் நட்பு வழியையே தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

பள்ளிக் கலைவிழாவில் வரும் அழகிப் போட்டிகளும் இதே குழப்பத்தில் பிறந்தவைதாம். பையன்கள் பெண் வேடமிட்டு மேடையேறுவது வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய காட்சி; நவோட்டோவின் ஆண் வேடமோ கண்கலங்க வேண்டிய இரகசியம். ஒரே செயலுக்கு இரண்டு அளவுகோல்கள். நீச்சலுடைச் சுற்றுக்கு வராமலேயே நவோட்டோ வெற்றி பெறுவதைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

கோபத்தில் நியாயத்தை மறந்துவிடக் கூடாது. நிழலுருவை ஏற்றுக்கொண்டவருக்குத் துணையாகச் சண்டையிடும் வடிவமே பெர்சோனா; நவோட்டோவின் பெர்சோனா முதலில் சுகுனா-ஹிகோனா, உருவத்தில் மிகச் சிறிய தெய்வம்; பெரியவர்களிடையே பொருட்படுத்தப்படாத ஒருவருக்குத் தகுந்த தேர்வு. நட்பு முழுமை பெறும்போது அது யமாட்டோ டக்கேருவாக உயர்கிறது. கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட ஜப்பானியத் தொன்ம நூலான கொஜிக்கியில், இந்த இளவரசன் தன் அத்தையின் ஆடையை உடுத்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, பெண்ணாகப் பகைவரின் விருந்துக்குள் நுழைந்து, குமாசோ தலைவர்கள் இருவரைக் கொல்கிறான். அந்தப் பெயரே சாகும் தறுவாயில் இளைய தலைவன் அவனுக்குச் சூட்டியது. பெண் வேடத்தில் வென்ற ஆணின் பெயரை ஆண் வேடத்தில் உழைக்கும் நவோட்டோவுக்கு யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். வேடம் என்பது களைந்துவிட வேண்டிய பொய் என்று வசனம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வீரன் தன் பெயரை வேடத்தில்தான் சம்பாதித்தான் என்று இந்தத் தொன்மம் குறுக்கே நின்று சொல்கிறது. இதைக் கவனித்த பிறகு, வசனம் எழுதியவர்களைவிடப் பெர்சோனாவுக்குப் பெயர் தேர்ந்தெடுத்தவர்மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

2008இல் பிளேஸ்டேஷன் 2இல் வந்த கதை இது, காலத்தை மன்னிக்க வேண்டும் என்பார்கள். ஓரளவுக்கு மன்னிக்கிறேன். ஆனால் 2002 முதல் கில்டி கியர் என்ற சண்டை விளையாட்டு வரிசையில் பெண்ணாக வளர்க்கப்பட்ட பையன் என்று விளையாட்டாகவே கையாளப்பட்ட பிரிட்ஜெட், 2022இல் ஸ்ட்ரைவ் பதிப்பில் தான் ஒரு பெண் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். பழைய பாத்திரத்தை அதன் படைப்பாளர்கள் திரும்பிப் பார்க்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நவோட்டோவைத் திருநம்பி என்றே அறிவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிழலுருவின் கதறலுக்குப் பின் இன்னும் கொஞ்ச நேரம் நவோட்டோவே பேசட்டும், நாம் பதில் பொத்தானை அழுத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு முடிவு என்னவென்றால், நண்பரே, கோல்டனை இன்றே வாங்கிவிடுங்கள். சலுகை விலைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒளி, இருள் ஆகிய இரு வகைத் தாக்குதல்களும் கைவரும் நவோட்டோ குழுவில் சேர்ந்தபின் நான் அவரை வெளியே உட்கார வைத்ததே இல்லை. ரிவைவலை மட்டும் வெளியாகும் நாளில் நான் வாங்கப் போவதில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் காட்சியை என்ன செய்திருக்கிறார்கள் என்று நீங்கள் ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு யோசிக்கிறேன்.