கைப்பின்னல் காலுறை: பருத்தி நூலா, கம்பளி நூலா?

சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி புழுக்கம் என்பதால், காலுறை பின்னத் தொடங்குவோர் யோசிக்காமல் பருத்தி நூலையே வாங்கிவிடுகிறார்கள். பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும். ஆனால் எளிதில் உலராததால், ஷூவுக்குள் பாதத்தோடு ஒட்டி உராய்ந்து கொப்புளம் உண்டாக்கும். அதைவிடப் பெரிய குறை, இழுத்தால் மீளும் தன்மை அந்த இழைக்கு மிகக் குறைவு என்பதே. கணுக்காலுக்கு மேல் எவ்வளவு இறுக்கமாக ரிப் பின்னல் (இழுபட்டுச் சுருங்கும் வரிப் பின்னல்) போட்டாலும், காலையில் கச்சிதமாக இருந்த காலுறை மாலைக்குள் தளர்ந்து சரிந்துவிடும்.

மெரினோ என்னும் செம்மறியாட்டு இனத்தின் கம்பளி இழையோ இயல்பிலேயே சுருளுடையது. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் கைக்கு ஈரமாகத் தெரியாது. குதிகால் தேயாமலிருக்க 75 விழுக்காடு மெரினோவும் 25 விழுக்காடு நைலானும் கலந்த மெல்லிய நூலே ஏற்றது. 100 கிராமில் ஏறத்தாழ 400 மீட்டர் வரும், பெரியவர்களுக்கு ஒரு ஜோடி பின்னலாம். விலை அதிகம்தான், பூச்சி அரிக்காமல் பாதுகாக்கவும் வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கடைகளில் ‘உல்லன்’ என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. சிறு துண்டைக் கொளுத்திப் பார்த்தால், கம்பளி, முடி கருகிய வாடையுடன் பொடியும்; அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும்.

நாள் முழுவதும் ஷூ அணிவோருக்கு நான் மெரினோவையே பரிந்துரைப்பேன். மார்கழி இரவில் வீட்டுக்குள் அணிய மட்டுமென்றால் பருத்தி போதும். எந்த நூலானாலும், காலுறை காலோடு கச்சிதமாகப் பொருந்த, பாதச் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பின்னுவது நல்லது.