மாதிரி ரயில் என்ஜினுக்கு நிக்கலா, லித்தியமா?

தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ச்சாமல், என்ஜினுக்குள்ளேயே மின்கலம் வைத்து ஓட்டுவோருக்கு முதல் சிக்கல் இடம்தான். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலம் ஒன்று தருவது 1.2 வோல்ட், லித்தியம் பாலிமர் தருவது 3.7. ஏறத்தாழ 11 வோல்ட் வேண்டுமென்றால் முன்னதில் ஒன்பது கலங்கள், பின்னதில் மூன்றே மூன்று. 1:87 அளவிலான, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கான, எச்ஓ வகை என்ஜினுக்குள் ஒன்பதை எங்கே திணிப்பது? அங்கே லித்தியம்தான், வேறு பேச்சில்லை.

1:22.5 அளவுள்ள பெரிய ஜி வகை வண்டியில் நிலைமை வேறு. இடம் தாராளம், நிக்கலின் எடைகூடச் சக்கரம் வழுக்காமல் இருக்க உதவும். சிங்கப்பூர் வெக்கையில் சும்மா கிடந்தாலே சாதாரண நிக்கல் கலத்தின் மின்னூட்டம் வேகமாக வடியும். எனலூப் போன்ற, மெதுவாக வடியும் நிக்கல் ரகம் அந்தக் குறையைப் பெரிதும் தீர்க்கிறது.

லித்தியமோ கோபக்காரப் பிள்ளை. ஒரு கலம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும், 4.2-ஐத் தாண்டி ஏற்றினால் தீப்பிடிக்கலாம். அதற்கென்றே உள்ள சார்ஜர், பாதுகாப்பு மின்சுற்று இரண்டும் கட்டாயம். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருக்கவும் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் படுக்கையறை மூலையில் ரயில் ஓட்டும் பொறுமையில்லாதவருக்கு, வண்டி பெரிதாக இருக்கும்வரை, நான் நிக்கலையே சொல்வேன். வீங்கிய லித்தியம் கலத்தை மட்டும் யாராக இருந்தாலும் மறுபடி சார்ஜரில் மாட்டாதீர்கள்.