மொட்டை மாடிக்கு வெள்ளை பெயின்ட்டா, போர்டா?

சென்னையில் மேல்மாடி வீட்டில் வெயில் சாயங்காலத்தோடு முடிவதில்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் ராத்திரி படுத்த பிறகுதான் கீழே இறக்கும். மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடி ஒழுக ஆரம்பித்தபோது மேஸ்திரி, "கூலிங் பெயின்ட் அடிச்சா போதும் சார்" என்றார். தெரிந்த இன்ஜினியர், "போர்டு வச்சு ஓடு பதிங்க" என்றார். போர்டு என்று அவர் சொன்னது வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பலகையை.

இரண்டையும் அளந்து பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது. ஏசியில் நட்சத்திரம் ஒட்டும் மத்திய அரசு அமைப்பான பிஇஇ, 2018 டிசம்பரில் வீடுகளுக்காகக் கொண்டுவந்த 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதிகள். 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்காக எழுதப்பட்டவை. நம் கணக்கில் அது இரண்டு கிரவுண்டுக்கும் மேல். அரை கிரவுண்டு வீட்டுக்காரரை அவை கட்டுப்படுத்தாது, ஆனாலும் அந்த எண்கள் எல்லோருக்கும் உதவும்.

கூரைக்கு அவர்கள் வைத்த உச்சவரம்பு யு மதிப்பு 1.2. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட் வெப்பம்தான் கடக்கலாம். ஐந்து அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3.5 வருகிறது. நம் ஊர்ப் பழைய வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டு ஓடு பதித்தால் இரண்டேகால் அளவுக்கு இறங்கும். நல்ல வேலைதான், ஆனால் வரம்புக்குள் வராது. எக்ஸ்பிஎஸ் என்கிற அந்த நுரை போர்டை 25 மில்லிமீட்டர் கனத்தில் சேர்த்தால் 1-க்குக் கீழே போய்விடுகிறது.

பெயின்ட் இந்தக் கணக்கிலேயே வராது, ஏனென்றால் அது யு மதிப்பை மாற்றுவதில்லை. வெயிலின் பெரும்பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. தளம் சூடேறினால்தானே சூடு கீழே இறங்கும்? அதனால் பெயின்ட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. செலவு கம்மி, ஓரிரு நாளில் வேலை முடியும், மாடி பொதுவாக இருக்கும் அடுக்குமாடியில் எல்லோரையும் சம்மதிக்க வைப்பதும் சுலபம். ஆனால் வெள்ளை வெள்ளையாக இருக்கும்வரைதான் பலன். தெருப் புழுதியும் ஐப்பசி மழையில் படரும் பாசியும் அதைச் சாம்பலாக்கிவிடும். கோடைக்கு முன்னால் வருஷா வருஷம் தேய்த்துக் கழுவ ஆள் வேண்டும்.

போர்டில் வேறு கவலை. வாட்டர்ப்ரூஃபிங் சரியாக இல்லாமல் மேலே மூடிவிட்டால், பின்னால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஓடுகளையெல்லாம் பெயர்க்க வேண்டிவரும். தண்ணீரைக் கட்டி நிறுத்திச் சோதித்த பிறகே போர்டு வைக்க விடுங்கள். தளம் உயர்வதால் மழைநீர்க் குழாய்வாயையும் மாடிக் கதவின் நிலைப்படியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இது. ஒழுகுவதால் எப்படியும் தளத்தை உடைக்கிறீர்கள் என்றால் போர்டு வைத்து, மேலே வெள்ளை ஓடு பதியுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். தளம் நன்றாக இருந்தால் உடைக்காதீர்கள், பெயின்ட் போதும். புதுச் சுவர் எழுப்புகிறவர்களுக்கு ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) செங்கல்லைவிட வெப்பத்தை நன்றாகத் தடுக்கும்.

அப்புறம் ஜன்னல். சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில், தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்றுக்குத் திறக்க வேண்டும் என்கிறது அதே விதி. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. இப்போது எல்லோரும் போடும் இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், பழைய மாதிரி வெளியே திறக்கும் கதவு 90 சதவீதம் திறக்கும். ஒரே அளவு ஜன்னலில் மதியம் வரும் கடல் காற்று ஏறக்குறைய இரட்டிப்பு இடத்தில் நுழைய முடியும். யுபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதை மட்டும் கேட்டுவிடுங்கள்.