கரும்புச் சோகை: மின் ஆலைக்கு விற்பதா, வயலிலேயே விடுவதா?

பெங்களூரில் குடியிருந்துகொண்டு மத்தூர், மளவள்ளி, ஓசூர் பக்கம் துண்டு நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. கரும்பு போட்டவர்களுக்கு வெட்டு முடிந்த கையோடு, வயலில் கிடக்கும் காய்ந்த இலையான சோகையைக் கேட்டு ஒரு போன் வரும்: "சோகையை எங்களுக்குக் கொடுத்துடுங்க, கரண்டு எடுக்கிற ஆலைக்குப் போகுது."

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் எங்களுக்கும் வந்தது. மண்டியா மாவட்டம் மத்தூருக்கு அருகே விஸ்வேஸ்வரய்யா கால்வாயின் கடைமடையில், அம்மா வழியில் வந்த நாலு ஏக்கர். எனக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு. அவன் விற்றான். நான் தூளாக்கி வயலிலேயே பரப்பினேன். ஒரே மண், ஒரே ரகம், நடுவில் ஒரு வரப்பு. இரண்டு மறுதாம்பு, அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்கும் பயிர், பார்த்தாயிற்று. சோகை வயலை விட்டு வெளியே போகக்கூடாது என்பது என் கட்சி.

தீ வைத்துக் கொளுத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதைவிட இரண்டுமே மேல். ஆலைக் கொதிகலனில் புகையில் வரும் தூசியைப் பிடிக்கக் கருவி இருக்கிறது, வயல் தீயில் அது ஏது? அதேபோல் சர்க்கரை ஆலை தன் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பதிலும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சக்கை எப்படியும் ஆலைக்கு வந்துதான் சேர்கிறது. சோகை அப்படியில்லை, அது நிலத்தில் கிடப்பது.

முதலில் பணம். தம்பிக்கு டன்னுக்கு 900 ரூபாய் தந்தார்கள். ஏக்கருக்கு நாலு டன், ஆக 3,600. அவர்களே ஆள் வைத்துக் கட்டி ஏற்றிப் போனார்கள், ஒரு வாரத்தில் வயல் சுத்தம். எனக்கோ தூளாக்கும் டிராக்டருக்கு ஏக்கருக்கு 2,500 ரூபாய் வாடகை, அதற்கு மேல் அதை மக்க வைக்க ஒரு மூட்டை யூரியா, சாணக் கரைசல். "அக்கா, கீழே கிடக்கிற குப்பைக்கு எனக்குக் காசு தர்றாங்க. நீ என்னடான்னா காசு குடுத்து அதைத் தூளாக்குற" என்றான். அன்று என்னிடம் பதில் இல்லை.

உரக் கணக்கும் எனக்குக் கைகொடுக்கவில்லை. சோகையில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) ஏறத்தாழ அரை சதவீதம்தான். நாலு டன்னில் ஒவ்வொன்றும் 15 முதல் 20 கிலோ தேறும். கடையில் வாங்கினால் அந்த 3,600-ல் பாதிகூட ஆகாது. "சோகையில் எவ்வளவு சத்து தெரியுமா" என்று உரத்தை மட்டும் வைத்து வாதாடினால் தோற்றுத்தான் போவோம்.

தண்ணீரில்தான் கணக்கு திரும்பியது. 2023-ல் மழை பொய்த்து, கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் முறை முடிந்துவிடும். செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். தம்பி பக்கம் பார்களுக்கு (கரும்பு வரிசைகளுக்கு) நடுவே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, குருத்து மத்தியானமே சுருண்டிருந்தது. வரப்பைத் தாண்டி என் பக்கம் சோகையை ஒரு கை அள்ளித் தூக்கினேன். மேலே மொரமொரப்பு, அதற்குக் கீழே கறுத்து மக்கிய அடுக்கு, அதில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை. அதற்கும் கீழே மண் உள்ளங்கையில் ஒட்டியது. தண்ணீர் விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. தம்பி எட்டாம் நாளே மோட்டார் போட வேண்டியிருந்தது. போர்வெல்லும் அந்த வருடம் இழுத்து இழுத்துத்தான் ஊற்றியது. களையெடுப்பும் எனக்கு ஒரு தடவை குறைந்தது.

வெட்டியபோது ஏக்கருக்கு நாலு டன் எனக்குக் கூடுதல். அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 315 ரூபாய், ஆக 12,600. அவனுக்கு வந்த 3,600-ஐயும் என் வாடகையையும் கழித்தாலும் மிச்சம் இருக்கிறது.

ஆனால் 2024-ல் கண்ணம்பாடி (கிருஷ்ணராஜசாகர்) அணை நிரம்பி, கால்வாயில் தாராளமாகத் தண்ணீர் வந்தது. அந்த வருடம் எங்கள் இருவருக்கும் ஒரு டன்கூட வித்தியாசம் இல்லை. எங்களுடையது வடிகால் உள்ள செம்மண் என்பதையும் மனதில் கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. எலி கூடுகிறது என்பதும் உண்மை. காய்ந்த சோகை பரப்பிய வயலில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் முதல் இரண்டு மாதமும் விடவில்லை.

பக்கத்தில் 5 மெகாவாட் ஆலை வரப்போவதாகப் பேச்சு கிளம்பியபோது அரசமரத்தடியில் ஊர் கூடியது. புகை, சாலையில் லாரி, சாம்பல் என்று ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், "தினம் எத்தனை ஏக்கர் சோகை வேணும்?" என்று கேட்டார். அங்கேயே கணக்குப் போட்டோம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1.3 கிலோ எரிபொருள் என்றால், நாள் முழுக்க ஓடும் 5 மெகாவாட்டுக்கு 150 டன்னுக்கு மேல். அது ஏறத்தாழ 40 ஏக்கர் சோகை, ஒவ்வொரு நாளும். டிரெய்லரில் மலை போல் ஏற்றினாலும் ஒன்றரை டன் தாண்டாது, ஆகவே நூறு நடை. வெட்டு இல்லாத மாதங்களில் எதை எரிப்பார்கள்? மரத்தைத்தான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆலைகள் சீமைக் கருவேலத்தை நம்பி வந்தவை. அங்கே அது வேண்டாத மரம். இங்கே வெட்ட இருப்பது தோப்பும் தைல மரமும். ஆவியைக் குளிர்விக்கத் தண்ணீரும் வேண்டும், அதுவும் இதே கால்வாயிலிருந்தோ இதே நிலத்தடியிலிருந்தோதான். சாம்பலைத் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். அதில் சாம்பல்சத்து திரும்பும், ஈரம் காத்த அந்தக் கறுப்பு அடுக்கு திரும்பாது.

தாவரக் கழிவிலிருந்து மின்சாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தும்கூர் மாவட்டத்து ஹொசஹள்ளியில் இந்திய அறிவியல் கழகம் 1988-ல், மரத்தை எரிவாயுவாக மாற்றும் ஒரு சின்ன வாயுவாக்கியை நிறுவியது. ஐந்து குதிரைத்திறன் எஞ்சினில் தொடங்கி, பிறகு பெரிதாக்கினார்கள். ஊர்க்காரர்களே வளர்த்த மரத்தை வைத்து விளக்கு, குடிநீர், மாவு மில் ஓடின. எடுத்ததும் எரித்ததும் அதே ஊர். அந்த அளவு எனக்குப் புரிகிறது. மண்டியா வயலைத் துடைத்தெடுத்து பெங்களூர் கட்டடங்களுக்கு ஏசி ஓட்டுவது, அதே பெங்களூரில் ஏசி போட்டுத் தூங்கும் எனக்கே உறுத்துகிறது.

தம்பி இன்னும் விற்கிறான், ஆனால் இந்த வருடம் ஒரு பார் விட்டு ஒரு பார் சோகையை விட்டுவைத்தான். ஏஜென்ட் நாலு வருட ஒப்பந்தத்தை நீட்டியபோது ஒரு பருவத்துக்கு மேல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். உங்களுக்கும் அந்தத் தாள் வந்தால் எத்தனை வருடத்துக்கு என்பதை முதலில் பாருங்கள். மழை பொய்க்கும் வருடத்தில் சோகையை நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்கள் கையில் இருக்கிறதா என்பதைக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.