1381இன் தடத்தில் இரண்டரை மணி நேரம்

லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது, இங்கிலாந்தின் 1381 குடியானவர் கலகம் பற்றிய நடைச் சுற்றுலாவுக்குப் போனேன். ஆளுக்கு 18 பவுண்டு. டவர் கோட்டையில் தொடங்கி ஸ்மித்ஃபீல்டில் முடித்தார்கள்.

வழிகாட்டிப் பெண்ணுக்குக் கணீர்க் குரல். ஜூன் 14 அன்று பேராயர் சட்பரியையும் பொருளாளர் ஹேல்ஸையும் கோட்டைக்குள்ளிருந்து இழுத்துவந்து தலை வெட்டியதை டவர் ஹில்லில் நின்று அவர் சொன்னபோது யாரும் அசையவில்லை. கலகத்தைக் கிளப்பிவிட்ட வரியையும் சொன்னார். 15 வயது தாண்டிய ஒவ்வொருவரும் சராசரியாக 12 பென்ஸ் கட்ட வேண்டும் என்ற தலைவரி, 1377இல் வெறும் 4 பென்ஸாக இருந்ததையும் தெளிவாக விளக்கினார். ஸ்மித்ஃபீல்டில் 2015இல் வைத்த நினைவுக்கல்லை நான் தொட்டுப் பார்த்தேன். கலகத் தலைவர் வாட் டைலர் வெட்டுப்பட்டு விழுந்த இடம். மனசு கனத்துப்போனது.

ஆனால் அதோடு "கலகம் தோற்றது" என்று முடித்துவிட்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம். 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டு பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தது மைல் எண்டில். ஏக்கருக்கு 4 பென்ஸ்தான் குத்தகை என்றும் ஒப்புக்கொண்டார். அந்த இடம் தூரம் என்று பாதையிலேயே சேர்க்கவில்லை. அப்படி எழுதிக்கொடுத்த சாசனங்களை ஜூலையிலேயே மன்னர் ரத்து செய்தது உண்மைதான். அதற்குப் பிறகு?

நான் முப்பது ஆண்டு நில ஆவணங்களோடு வேலை பார்த்தவன். எஸ்செக்ஸ் மக்கள் பண்ணை நீதிமன்றச் சுருள்களை, அதாவது பிரபுவின் பண்ணைப் பதிவேடுகளை, தேடித் தேடிக் கொளுத்தியது எனக்கு நன்றாகப் புரிகிறது. மகளுக்குக் கல்யாணம் செய்தால் பிரபுவுக்குப் பணம், அப்பா செத்தால் வீட்டிலிருக்கும் நல்ல மாடு பிரபுவுக்கு. எல்லாம் அதில்தான் எழுதியிருந்தது. கொள்ளைநோய்க்குப் பின் ஆள் கிடைக்காத காலம். நிலம் தரிசாகக் கிடப்பதைவிட மேல் என்று, அடுத்த நூற்றாண்டில் பிரபுக்களே ஊழிய வேலையை விட்டுப் பணக் குத்தகைக்கு இறங்கினார்கள். அதே சுருளின் நகல் இப்போது குடியானவர் கையில் நில உரிமைப் பத்திரமாக இருந்தது. நகல் உரிமை நிலம் என்றே அதற்குப் பெயர். 1574இலும் எலிசபெத் ராணி தன் நிலங்களில் மிச்சமிருந்த பண்ணையடிமைகளைப் பணம் வாங்கிக்கொண்டு விடுவித்துக்கொண்டிருந்தார்.

இதைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்டேன். நேரமாகிவிட்டது என்றார். டவரில் நாற்பது நிமிடம் நின்றோம். அதில் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கியிருக்கலாம். ஐந்துக்கு மூன்றரை.