திங்க்பேட் டி480: மூன்று வருட உழைப்பும் ஒரு கெட்ட ரேமும்

ஆறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு மென்பொருள், நான்கைந்து எக்செல் கோப்புகள், வங்கிப் பக்கங்கள் திறந்து கிடக்கும் பிரவுசர், நடுவில் ஒரு வீடியோ அழைப்பு என்று எல்லாமே ஒரே நேரத்தில் ஓடும். மூன்று வருடமாக இத்தனையும் லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப்பில்தான் நடக்கிறது. 2018இல் வந்த மாடல். ஓர் அலுவலகம் பயன்படுத்திவிட்டு விற்றதை வாங்கினேன். வாங்கும்போது ஐ5-8350யூ செயலி, 8 ஜிபி ரேம் (ஓடும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகம்), 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க், சாட்டா என்பது பழைய, மெதுவான வகை). இன்று அதில் 32 ஜிபி ரேமும் 1 டிபி என்விஎம்இ (சாட்டாவை விட வேகமான வகை) எஸ்எஸ்டியும் இருக்கின்றன. பேட்டரியையும் மாற்றிவிட்டேன். பெட்டியும் செயலியும் மட்டும் பழசு.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கு, எழுத்து, அலுவலக வேலைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். வேகத்தை விடப் பெரிய காரணம், இதைத் திறக்க முடியும் என்பதுதான். அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தினால் அவை மூடியோடேயே நிற்கும், கழன்று விழுந்து தொலையாது. சுற்றிலும் இருக்கும் பிடிப்புகளை நெம்பி மூடியை எடுத்தால் ரேம், டிஸ்க், பேட்டரி, விசிறி எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ரேமுக்கு இரண்டு ஸ்லாட், இரண்டுமே கழற்றக்கூடியவை. அடுத்த வருடம் வந்த டி490இல் ஒரு பகுதி ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள், வெளியே கழற்றி மாட்டும் பேட்டரியையும் எடுத்துவிட்டார்கள். அந்த வகையில் டி480 ஒரு தலைமுறையின் கடைசி.

திறப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு. வெளிப் பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே இன்னொரு பேட்டரி மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். இயந்திரம் தொடங்கும்போது எஃப்1 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், பவர் பகுதியில் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இயந்திரம் தானே அணைந்துவிடும். அப்புறம்தான் மூடியில் கை வைக்க வேண்டும். வேலை முடிந்து சார்ஜரைச் செருகினால் உள் பேட்டரி மறுபடி உயிர் பெறும். இது தெரியாமல் ரேமை உருவுகிறவர்கள் நிறைய. இதற்கெல்லாம் லெனோவோ வெளியிட்ட பராமரிப்புக் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படத்தோடு இருக்கும். அச்சடித்து வைத்திருக்கிறேன்.

ரேமையும் எஸ்எஸ்டியையும் ஒரே நாளில் மாற்றினேன். அது தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

16 ஜிபி ரேம் இரண்டு வாங்கினேன், டிடிஆர்4 வகை. ஸ்லாட்டின் இருபுறமும் இருக்கும் உலோகக் காதுகளை வெளிப்பக்கம் விலக்கினால் பழைய ரேம் தானே மேலே எழும். புதியதைச் சாய்வாக உள்ளே தள்ளி, அப்படியே கீழே அமுக்கினால் இரண்டு காதுகளும் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். தங்க நிறப் பட்டை வெளியே தெரிந்தால் ரேம் முழுதாக உட்காரவில்லை என்று பொருள்.

மூடி போட்டு பவர் பட்டனை அழுத்தினேன். திரை கறுப்பு. பட்டனில் விளக்கு மட்டும் எரிகிறது. பத்து விநாடி பார்த்துவிட்டு அணைத்தேன், மறுபடி போட்டேன், மறுபடி கறுப்பு. நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகுதான் தெரிந்தது, ரேம் மாறியதும் இயந்திரம் புதிய ரேமோடு பழக முதல் முறை கொஞ்சம் நேரம் எடுக்கும், அதை நடுவில் அணைக்கக் கூடாது என்று. மூன்றாவது முறை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நிமிடம் போல ஆனது, லோகோ வந்தது. பயாஸில் 32 ஜிபி காட்டியது.

மூன்றாம் நாள் சிக்கல் தொடங்கியது. பெரிய எக்செல் கோப்பு ஒன்று திறந்திருக்கும்போது எல்லாம் உறைந்தது, மவுஸ்கூட நகரவில்லை. மறுநாள், விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரை, அதில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று ஒரு வரி. இன்னொரு நாள் வேறு வரி. ரேமும் புதுசு, எஸ்எஸ்டியும் புதுசு, விண்டோஸும் புதிதாக நிறுவியது. யாரைச் சந்தேகப்படுவது? நான் எஸ்எஸ்டியைத்தான் சந்தேகப்பட்டேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன், விண்டோஸை மறுபடி நிறுவினேன். இரண்டு இரவுகள் வீண்.

அண்ணன் மகள் ஒரு நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். போனில் சொன்னேன்.

"அத்தை, விண்டோஸை விட்டுடுங்க. மெம்டெஸ்ட் போட்டுப் பாருங்க."

"ரெண்டு ரேமையும் வச்சே போடலாமா?"

"முதல்ல ரெண்டோட போடுங்க. தப்பு காட்டினா ஒண்ணொண்ணா, ஒவ்வொரு ஸ்லாட்லயும் போட்டுப் பாருங்க. எது எங்கன்னு ஒரு தாள்ல எழுதி வைங்க அத்தை, இல்லைன்னா குழம்பிடும்."

மெம்டெஸ்ட்86 என்பது விண்டோஸ் இல்லாமல் யூஎஸ்பி டிரைவிலிருந்தே ஓடும் சோதனை. இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும். எஃப்12 அழுத்தி யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிவிட்டுப் படுத்தேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். சரி, ரேம்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்த ரேம்? அல்லது ஸ்லாட்டே கெட்டதா? ஒரு ரேமின் ஓரத்தில் பென்சிலால் 'அ' என்றும் மற்றதில் 'ஆ' என்றும் எழுதினேன். 'அ' முதல் ஸ்லாட்டில்: சுத்தம். இரண்டாவது ஸ்லாட்டில்: சுத்தம். 'ஆ' முதல் ஸ்லாட்டில்: ஒரு சுற்று முடியும் முன்பே பிழை. இரண்டாவதிலும் அப்படியே. நான்கு இரவுகள் ஆயின, ஆனால் பதிலில் சந்தேகமே இல்லை. ஸ்லாட் நல்லது, போர்டு நல்லது, 'ஆ' கெட்டது. விற்றவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்பு வரிகளின் படத்தையும் என் தாளையும் அனுப்பியதும் மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு இன்றுவரை ஒரு நீலத்திரை வரவில்லை.

ரேமை மட்டும் மாற்றி ஒரு வாரம் ஓட்டியிருந்தால் அந்த முதல் இரண்டு இரவுகள் மிஞ்சியிருக்கும். எந்த லேப்டாப்பானாலும் இதைத்தான் சொல்வேன்: ஒரு நேரத்தில் ஒரு பாகம்.

32 ஜிபியால் என்ன மாறியது? கணக்கு மென்பொருளை மூடாமலே எக்செலுக்குப் போய் வரலாம். முன்பு ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று விநாடி திணறும். ஒற்றை ரேம் இருந்த இடத்தில் ஒரே அளவில் இரண்டு போட்டதால் திரையின் ஓட்டமும் மேம்பட்டது, இதில் தனி கிராஃபிக்ஸ் இல்லாததால் அதுவும் இந்த ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கிறது. என் அளவு வேலைக்கு 16 ஜிபியே போதும் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு மேல் போடுவது உங்கள் விருப்பம்.

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். என்னுடையது சாட்டா டிஸ்க்கோடு வந்ததால் என்விஎம்இ போட அதற்கான தாங்கியையும் தனிக் கேபிளையும் வாங்க வேண்டியிருந்தது. அந்த வழியில் எஸ்எஸ்டி தகவலை அனுப்பும் பிசிஐஇ 3.0 பாதையில் இரண்டு தடம்தான் கிடைக்கும். அதாவது எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியைப் போட்டாலும் நொடிக்கு 2 ஜிபியைத் தாண்டாது. ஆகவே மிக வேகமானதற்குச் செலவு செய்யாதீர்கள், நடுத்தரமானது போதும். பழைய டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் புதுப்பிக்கும்போதும் அது கேட்கப்படலாம்.

பேட்டரி அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே 24 வாட்மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு), வெளியே கழற்றி மாட்டும் இன்னொன்று. வெளிப் பேட்டரிதான் முதலில் தீரும். தீர்ந்ததும் லேப்டாப்பை அணைக்காமலே அதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், அந்த இடைவெளியை உள் பேட்டரி பார்த்துக்கொள்ளும். ஒரு தணிக்கைக் கூட்டத்தில் பிளக் பாயின்ட் கிடைக்காமல் இதைச் செய்தேன், திறந்திருந்த கோப்பு அப்படியே இருந்தது. நான் வாங்கியது 72 வாட்மணி. அது அடியில் புடைத்துக்கொண்டு பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கும், தட்டச்சுக்கு எனக்கு அது வசதியாகவே இருக்கிறது. பழைய பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் போதும். முதலில் இருந்த கொள்ளளவும் இப்போது மீந்திருப்பதும் அடுத்தடுத்து இருக்கும். எப்போதும் சார்ஜரில் வைத்திருப்பவர்கள் லெனோவோவின் வான்டேஜ் மென்பொருளில் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லி வைக்கலாம்.

விசிறியில் தூசி படிந்திருந்தது. சுத்தம் செய்து, செயலியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

குறை? என்னிடம் இருக்கும் முழு எச்டி திரையின் வெளிச்சம் 250 நிட்ஸ்தான். ஜன்னல் வெளிச்சத்தில் நாள் முழுக்க எண்களைப் பார்ப்பவர்களுக்கு இது போதாது. மேசையில் தனி மானிட்டர் வைத்துக்கொண்டேன். இன்றைய மெல்லிய லேப்டாப்களோடு வைத்துப் பார்த்தால் எடையும் கூடுதல்.

பயன்படுத்தியதை வாங்குகிறவர்கள் கையில் பணம் கொடுக்கும் முன் மூன்று பாருங்கள். முதலாவது, எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போக முடிகிறதா? சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அந்த இயந்திரம் வேண்டாம். அது மறந்துபோனால் போர்டையே மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். இரண்டாவது, செயலி எட்டாம் தலைமுறையா? இதே டி480 ஏழாம் தலைமுறைச் செயலியோடும் வந்தது, அதற்கு விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. மூன்றாவது, இரண்டு யூஎஸ்பி-சி துறைகளிலும் சார்ஜ் ஏறுகிறதா? அந்தத் துறைகளில் ஒன்றான தண்டர்போல்ட்டின் ஃபர்ம்வேருக்கு (அதை இயக்கும் உள்மென்பொருள்) லெனோவோ 2019இல் ஒரு முக்கியமான திருத்தம் வெளியிட்டது. பழைய உரிமையாளர் அதைப் போட்டிருப்பார் என்று நம்பி இருக்காமல், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள்.