'ஐயா, ஓசி ஆன்டிவைரஸ் எப்படிக் காப்பாத்தும்?': அப்பாவிடம் 4,720 ரூபாய் பிடுங்கிய கதை

போன மாதம் கும்பகோணம் போனபோது அப்பாவின் கம்ப்யூட்டர் திறக்க ஏழு நிமிஷம் ஆனது. அம்மா கொடுத்த காபியை ஆற்றிக் குடித்து முடித்த பிறகும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. "வைரஸ்டா. அதுக்குத்தான் காசு கட்டி ஒண்ணு போட்டேன், அதுவும் முடிஞ்சுபோச்சுங்குது" என்றார் அப்பா. எவ்வளவு கட்டினீங்க என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மானிட்டர் ஓரத்தில் ஒரு காலண்டர் தாள் செருகியிருந்தது. அதன் பின்பக்கத்தில் அவருடைய அச்சு மாதிரி எழுத்தில் ஒரு பெயர், ஒரு செல் நம்பர், 4,720 என்று ஒரு தொகை. அதற்குக் கீழே ஐந்தைந்தாகப் பிரித்து எழுதிய 25 எழுத்து 'கீ'.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதை வெளியே வந்தது. இரண்டு வருஷம் முன்னால் மெஷினை ஃபார்மட் செய்த கடைக்காரப் பையன் ஒரு இலவச ஆன்டிவைரஸைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது தினம் ஒருமுறை எட்டிப் பார்த்து 'அப்கிரேட் செய்யுங்கள்' என்று கேட்கும். அப்பா யாரிடமும் எதையும் இனாமாக வாங்காத மனுஷர். ஓசியில் ஓட்டுகிறோமே என்று அவருக்கு உள்ளூர ஒரு உறுத்தல் இருந்திருக்கிறது.

இந்த நிலையில்தான் திரையின் வலது கீழ் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி: உங்கள் கணினியில் 5 வைரஸ், பாதுகாப்பு காலாவதி, உடனே அழையுங்கள். அழைத்துவிட்டார்.

எதிர்முனையில் நல்ல தமிழ். வார்த்தைக்கு வார்த்தை 'ஐயா'. ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதில் வந்த எண்ணை வாங்கிக்கொண்டு, அங்கிருந்தபடியே மவுஸை நகர்த்தியிருக்கிறான். எதையோ திறந்து, வரிசை வரிசையாகச் சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, "இத்தனையும் வைரஸ்தான் ஐயா" என்றானாம். கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அது விண்டோஸோடு வரும் ஈவென்ட் வியூவர், மெஷினில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேடு. ஒரு சர்வீஸ் தாமதமாகத் தொடங்கினால்கூட அதில் ஒரு குறி விழும். என் லேப்டாப் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது, அதில் திறந்து அப்பாவுக்குக் காட்டினேன். அதிலும் நூற்றுக்கணக்கில் சிவப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

அப்பாவை விழவைத்தது அந்தச் சிவப்புகூட இல்லை, அவன் சொன்ன ஒரு வசனம். "வாசல்ல வாட்ச்மேனை நிக்க வச்சுட்டுச் சம்பளம் குடுக்கலேன்னா அவன் தூங்கத்தானே ஐயா செய்வான்?" அப்பா இதைத் திருப்பிச் சொன்னபோது எனக்கே ஒரு நொடி நியாயமாகத்தான் பட்டது. நாலாயிரம், ஜிஎஸ்டி சேர்த்து 4,720, மூன்று வருஷத்துக்கு. யுபிஐயில் போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. வாட்ஸ்அப்பில் வந்த பில்லில் ஜிஎஸ்டி தொகை இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை.

அவன் போட்டுக்கொடுத்தது யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு 30 நாள் சோதனைப் பதிப்பு. அந்த 25 எழுத்தை நான் இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், செல்லாது என்றது. 31ஆம் நாள் அது கையை விரித்ததும் அப்பா போன் செய்திருக்கிறார், ஸ்விட்ச் ஆஃப். பழையதை அவன் எடுக்கவும் இல்லை. 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றையொன்று பார்த்து உறுமிக்கொண்டிருந்தால் ஏழு நிமிஷம் ஆகாமல் என்ன செய்யும்?

அப்புறம் அந்தச் சிவப்புப் பெட்டி. அது வைரஸும் இல்லை, விண்டோஸ் அனுப்பியதும் இல்லை. குரோமின் நோட்டிஃபிகேஷன். அப்பா பஞ்சாங்கம் பிடிஎஃப் தேடிப் போன ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலவ் அழுத்தவும்' என்று கேட்டிருக்கிறது, அழுத்திவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தளம் நினைத்த நேரத்தில் திரை மூலையில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி வாங்கியவர்களின் பட்டியல் இருக்கும். அங்கே பெயர் தெரியாத பதினோரு தளங்கள். எல்லாவற்றையும் நீக்கினேன், அத்தோடு சிவப்பு நின்றது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மெஷினில் அந்தப் பட்டியலை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

பிறகு இரண்டு ஆன்டிவைரஸையும் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டது. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து இது கூடவே வருகிறது, தனிக் காசு கிடையாது. வெளியிலிருந்து வேறொன்றைப் போட்டால் ஒதுங்கிக்கொள்ளும், எடுத்தால் திரும்ப வேலைக்கு வரும். முழு ஸ்கேன் ஓட்டினேன். ஒன்றும் சிக்கவில்லை. ஐந்து வைரஸுக்குப் பணம் கட்டிய மெஷினில் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் ஓசியே போதுமா என்று கேட்பீர்கள். டிஃபெண்டர், ஒழுங்காக அப்டேட் ஆகும் விண்டோஸ், கொஞ்சம் நிதானம், அப்பா மாதிரி வீட்டு உபயோகத்துக்கு இவ்வளவு போதும் என்பது என் கட்சி. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான அப்டேட் இனி அதற்கு வராது. அந்த ஓட்டையைக் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸாலும் அடைக்க முடியாது. கடையில் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

வெளியார் தரும் இலவசத்தில் வேறு சிக்கல். இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் வழியாக விற்றது 2020இல் அம்பலமானது. 2024இல் அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டவைத்தது. காசு கொடுத்து வாங்குவதில், பல பெரிய நிறுவனங்களில் வைரஸ் பிடிக்கும் இயந்திரம் இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் ஒன்றுதான். கூடுதலாக வருவது இணைய இணைப்பை மறைத்துக் கொண்டுபோகும் விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, நாலைந்து கருவிகளுக்குச் சேர்த்து ஒரே சந்தா. இவை வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய். முதல் வருஷத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல் இரண்டாம் வருஷத் தொகையையும் பாருங்கள். கார்டில் ஆட்டோ ரினியூவல் இருந்தால் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுக்கலாம். 24 மணி நேரம் முன்னால் வங்கியிலிருந்து ஒரு மெசேஜ் வரும், அதைத் தவறவிட்டால் போயிற்று.

இல்லாத வைரஸைக் காட்டிப் பயமுறுத்தி விற்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் நுகர்வோர் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. பட்டியலிட்ட 13 தந்திரங்களில் அதுவும் ஒன்று. செல்லை அணைத்துவிட்டுப் போனவனிடம் இதை யார் படித்துக் காட்டுவது?

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். பணம் போன கையோடு அழைத்திருந்தால் போன கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. "ஏன்ப்பா அன்னிக்கே சொல்லலே?" என்று கேட்டேன். "மின்வாரியத்துல முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு எழுதினவன்டா நான். என்னன்னு சொல்றது?" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பணம் இன்னும் வரவில்லை. அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துப் போடப் போனேன், அப்பா விடவில்லை. வாங்கி, நம்பருக்குக் கீழே இருந்த இடத்தில் புகார் எண்ணையும் தேதியையும் அதே அச்சு எழுத்தில் எழுதி, மறுபடி மானிட்டர் ஓரத்தில் செருகிவிட்டார்.